விருந்தினர் அறையில் வைஃபை

பொருளைப் பத்திரப்படுத்துவதில் ஷுப்ரா பேட்டையில் எங்கள் கட்டடத்தில் ஷவ்கத்தை மிஞ்ச ஆள் கிடையாது. ஓய்வு பெறும் நாள்வரை அலுவலக நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் உட்கார்ந்திருந்த மனிதர். அவர் வீட்டுக்கு வைஃபை பெட்டி வந்தால் எங்கே வைப்பார்? விருந்தினர் அறையில்தான். கண்ணாடி அலமாரிக்குள், கல்யாணச் சீராக வந்த பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில்.

அந்த அறையில் பொன்முலாம் நாற்காலிகள் போர்வைக்குள் தூங்கும். விருந்தாளி வந்தால்தான் பூட்டு திறக்கும். அலமாரியின் முதுகு முழுக்க ரசம் பூசிய கண்ணாடி. வீட்டுக்குள் போக வேண்டிய அலை அதில் முட்டித் திரும்பி, ஜன்னல் வழியாக வெளியேறி, எதிர்வீட்டு தவ்லத் அம்மாளின் சமையலறையில் போய் இறங்கியது. ஈரத்துணி சொட்டிய தகராறில் அந்த அம்மாளோடு ஷவ்கத்துக்குப் பேச்சுவார்த்தையே இல்லை.

வீட்டுக்குள் ஒரு படம்கூடத் திறக்காது. மனைவி இஃப்பத் முணுமுணுத்தால், "நல்ல சாமான் நிதானமாத்தான் வேலை செய்யும், பொறு" என்பார். கடவுச்சொல்லை மகள் இன்ஜி எப்போதோ தவ்லத்துக்குக் கொடுத்துவிட்டாள். கனடாவிலிருக்கும் மகனோடு அந்த அம்மாள் தினமும் பேசுவது கட்டடத்துக்கே தெரியும், ஷவ்கத்தைத் தவிர.

படித்து முடித்து வேலையில்லாமல் வாடிக்கொண்டிருந்த இன்ஜியை துபாய் நிறுவனம் ஒன்று நேர்காணலுக்குக் கூப்பிட்டது, திரை வழியாக. அதையும் விட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை. அன்று நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

"பாபா, அந்த ரூமைத் திறந்து விடுங்க. கொஞ்ச நேரந்தான்."

"அது விருந்தாளிங்களுக்கு."

"என்கிட்டப் பேசப் போறவங்க விருந்தாளி இல்லையா?"

"வாசப்படி மிதிக்காதவன் என்ன விருந்தாளி? அவனுக்கு டீயை எங்க கொண்டுபோய்க் குடுக்க?"

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு காபிக்கடைக்குக் கிளம்பிவிட்டார். பாவி மனுஷன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்ஜி அழவில்லை, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வாடி கண்ணு," என்றாள் தவ்லத். "உங்கப்பா போட்ட வைஃபை எங்க வீட்லதான் குடித்தனம் பண்ணுது." முலுகியா கீரை கொதித்த அடுப்பை அணைத்து, கத்துகிற கிளிக்கூண்டின் மேல் துணி போட்டு, பேசி முடியும்வரை வாசலில் காவலுக்கு நின்றாள்.

வேலை கிடைத்தது. குலவைச் சத்தம் மொட்டைமாடிவரை கேட்டது. எங்கே உட்கார்ந்து பேசினாள் என்று ஷவ்கத் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. "எல்லாம் நான் போட்ட வைஃபை!" என்று வீடு வீடாகப் படியேறி ஷர்பத் கொடுத்தார். தவ்லத் வீட்டுக்கும்தான். அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கிக் குடித்தாள்.

இன்ஜி துபாயிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது வரவேற்க நாங்களும் போயிருந்தோம். ஷவ்கத் போர்வைகளை உருவி, நாற்காலிகளைத் துடைத்து, விருந்தினர் அறையை விரியத் திறந்து வைத்திருந்தார்.

"வாம்மா, இங்க உட்காரு."

இன்ஜி வாசலிலேயே நின்றாள். "நான் என்ன விருந்தாளியா, பாபா?"

"பின்ன? ரெண்டு வாரத்துல போயிடுவியே" என்றார். துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்தார்.