செய்தி வாசித்த கோட்டு

"ம்" என்கிறார் மாஸ்டர். வாயில் ஆறு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருக்கும் மனிதர் வேறென்ன சொல்ல முடியும்? கையைத் தூக்கு என்பதற்கு ஒரு "ம்". இறக்கு என்பதற்கு ஒரு "ம்". வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு என்னை ஏமாற்றாதே என்பதற்குக் கொஞ்சம் நீளமான "ம்". வாடிக்கைக்காரர்களுக்கு மூன்றும் பிசகாமல் புரிந்துவிடுகின்றன. வீட்டில் ஊசியில்லாத வாயால் முழு வாக்கியமாகச் சொன்னாலும் மனைவிக்குத்தான் எதுவும் புரிவதில்லை.

கடை எட்டடிக்குப் பத்தடி. ஒரு வெட்டுமேசை, ஒரு தையல் எந்திரம், உட்கார ஒரு முக்காலி, சுவரோடு சுவராக ஓர் ஆளுயரக் கண்ணாடி. அளவு கொடுக்க வருகிறவரைக் கண்ணாடியைப் பார்க்க நிறுத்திவிட்டு மாஸ்டர் முதுகுப்பக்கம் நின்றுகொள்வார். பேரமும் குசலமும் கண்ணாடிக்குள் இருக்கும் ஆளோடுதான். இருபத்தாறு ஆண்டுகளாக இதுவே வழக்கம். அதனால் ஒரு கோளாறும் வந்து சேர்ந்திருக்கிறது. கடையில் நூறு பேருக்கு நடுவே அடையாளம் கண்டுவிடுகிற ஆளை, தெருவில் எதிரே கண்டால் தெரியாது. வகிடு பக்கம் மாறியிருக்கும். மச்சம் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தாவியிருக்கும்.

"எங்கண்ணன் நின்னு வணக்கம் வச்சா, யாரோன்னு போயிட்டீங்களாமே?" என்று மனைவி ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

"மச்சானா அது? நான் அவரத் திருப்பிப் போட்டுப் பாத்துத்தானே பழக்கம்?"

ஊர் அவருக்குக் கண்ணாடி மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அவர் மூக்கின்மேல் அதைத் தேடி ஏமாறுகிறார்கள்.

முகத்தைத்தான் தெரியாதே தவிர, தோளைத் தெரியும். எவரைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான். எந்தத் தோள் எத்தனை நூல் இறங்கியிருக்கிறது என்று அளவுநாடா இல்லாமலே சொல்வார். "மூஞ்சிய எப்படி வேணா மாத்திக்கலாங்க. தோள எங்க கொண்டு போய் ஒளிச்சு வைப்பீங்க?" என்பது அவர் கட்சி. ஒளித்துவைத்துத் தருவதுதான் அவர் தொழில் என்பது வேறு விஷயம்.

ஊருக்குத் தொலைக்காட்சி வந்து ஐந்து மாதமாகிறது. தினம் மாலை இரண்டரை மணி நேரம் ஏதாவது காட்டுகிறார்கள். போன வாரம் அந்த நிலையத்திலிருந்து ஒருவர் கோட்டு தைக்க வந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் வானொலியில் செய்தி வாசித்தவர். உயரமான ஆள். பேசினால் கடையிலிருந்த கத்தரிக்கோல்கூட அசையாமல் கேட்கும், அப்படியொரு குரல்.

"வெள்ளை கூடாதாம் மாஸ்டர், கண்ணக் கூசுமாம். கட்டம் போட்டது கூடாது, படம் ஆடுமாம். கோடு கூடவே கூடாது, நெளியுமாம்."

"துணி போடலாமா சார், இல்ல அதுவும் ஆகாதா?"

பாசிக்கும் புகையிலைக்கும் நடுவிலே ஒரு பச்சையைத் தேர்ந்தெடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்கு ஒத்த நூலுக்காக மாஸ்டர் நான்கு கடை ஏறி இறங்கினார். தொலைக்காட்சிப் பெட்டியில் பச்சை, சிவப்பு எல்லாம் ஒரே சாம்பல்தான் என்று செய்திக்காரரே சொல்லியும் கேட்கவில்லை. "பாக்குறவங்களுக்குத் தெரியாட்டிப் போகுது. போடுறவருக்குத் தெரியும்ல?"

நிற்க வைத்துப் பார்த்தபோது செய்திக்காரரின் இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. தோள்பை மாட்டியே வளர்ந்த உடம்பு. மாஸ்டர் கண்ணாடி வழியே அதைச் சுட்டிக்காட்டியதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ரேடியோல என் தோள யாரும் கேட்டதில்ல மாஸ்டர். இங்க ரெண்டு நாள் உக்கார வச்சுப் பாப்பாங்களாம். புடிக்கலன்னா வேற ஆள். திரும்பி ரேடியோவுக்கும் போக முடியாது. என் நாற்காலியில ஒருத்தரு உக்காந்தாச்சு."

"தோள நான் பாத்துக்கறேன். நீங்க குரலப் பாத்துக்குங்க."

இடது தோளுக்குள் இரண்டு மடிப்புப் பஞ்சு கூடுதலாக வைத்தார். போட்டுப் பார்த்தபோது இரண்டு தோளும் சமமாக நின்றன. கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

செய்தி வாசிக்கும் நாள் வந்தது. அந்தத் தெருவில் ஒரே பெட்டி மருந்துக்கடைக்காரர் வீட்டில்தான் உண்டு. மரக்கதவும் பூட்டும் போட்ட பெட்டி. அவர் அதை நோயாளியாகவே நடத்துகிறார். "நேத்து இடி இடிச்சதுல பயந்துடுச்சு. இன்னிக்குக் கொஞ்சம் நடுக்கமா இருக்கும், பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறப்பார். கூடத்தில் பாய் விரித்து நாற்பது பேர். ஒளிபரப்பு தொடங்கும் முன் வட்டமும் கட்டமுமாக ஒரு படம் அசையாமல் நிற்குமே, அதையும் விடாமல் பார்க்கிற கூட்டம். தாமதமாக வந்த மாஸ்டரின் மனைவி, "ரொம்ப நேரம் ஆச்சா? என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். "இதுவரைக்கும் கட்டம்தான்" என்று பதில் வந்தது. அடுத்து வயலில் எலி பிடிப்பது எப்படி என்று அரை மணி நேரம் காட்டினார்கள். கூடத்தில் எவருக்கும் சாண் நிலம் கிடையாது. ஆனாலும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

பிறகு செய்தி. திரையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல மாஸ்டருக்கு ஆளைத் தெரியவில்லை, கோட்டைத் தெரிந்தது. "நம்ம கோட்டுடீ" என்று மனைவியின் காதில் சொன்னவர், அடுத்த நொடியே எழுந்து நின்றுவிட்டார். மாஸ்டருக்கு இடப்பக்கமாகத் தெரிந்த தோள் சரிந்திருந்தது. நன்றாகவே சரிந்திருந்தது.

"உக்காருங்க மாஸ்டர், மறைக்குது!" என்று பின்வரிசை கத்தியது.

உட்கார்ந்தார். ஆனால் மனம் உட்காரவில்லை. இந்தப் பெட்டி கண்ணாடியைப் போன்றதா, எதிரே நிற்கும் ஆளைப் போன்றதா? கண்ணாடி மாதிரி என்றால் இடப்பக்கம் தெரிவது அவருடைய இடது தோள். பஞ்சு போதவில்லை, இன்னும் வைக்க வேண்டும். எதிராள் மாதிரி என்றால் அது அவருடைய வலது தோள். அவர் இடது தோளில் பஞ்சு மிஞ்சிப்போய் ஏறி நிற்பதால் வலது இறங்கித் தெரிகிறது, எடுக்க வேண்டும். நோய் ஒன்று; மருந்து இரண்டு, அதுவும் ஒன்றுக்கொன்று நேர்விரோதம். தப்பானதைக் கொடுத்தால் நாளை கோணல் இரட்டிப்பாகும், மனிதருக்கு வேலை போகும்.

"நீ போய் பெட்டிகிட்ட எங்களப் பாத்து உக்காரு" என்றார் மனைவியிடம்.

"எதுக்கு? நானும் செய்தி படிக்கணுமா?"

"போடீன்னா. ம், இப்ப இடது கையத் தூக்கு."

தூக்கினாள்.

"அது வலது."

"எனக்கு இடது. உங்களுக்குத்தான் வலது. கல்யாணமான நாள்லேருந்து எல்லாத்துலயும் இதே கததானே?"

கூடம் சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. அப்படியானால் பஞ்சு அதிகம் என்று ஒரு முடிவுக்கு வந்தார். அது அரை நிமிஷம் நிலைத்தது. "நீ கண்ணாடிக்கு வெளியில இருக்க. அவரு உள்ள இருக்காரு. உள்ள இருக்கறவங்க கணக்கு வேறயாச்சே" என்று அவரே அதைக் கலைத்துவிட்டார்.

கோட்டின் மேல்பையை மாஸ்டர் இடது நெஞ்சில்தான் தைத்திருந்தார். அது கண்ணில் பட்டால் குழப்பம் தீர்ந்தது. ஆனால் செய்திக்காரர் கையிலிருந்த தாள்களைச் சரியாக அந்த உயரத்திலேயே பிடித்துக்கொண்டு நெஞ்சு முழுவதையும் மறைத்திருந்தார். "சார், பேப்பரக் கொஞ்சம் இறக்குங்க சார்" என்று மாஸ்டர் பெட்டியைக் கெஞ்சினார். அவரோ எங்கோ ஒரு மந்திரி விமானம் ஏறியதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்குள் மருந்துக்கடைக்காரருக்கு மானப்பிரச்சினை ஆகிவிட்டது. "என்ன மாஸ்டர், எம்பெட்டிக்கு என்ன குறை?"

"ஒரு பக்கமா சாயுதுங்களே."

"சாயுறது உங்க கோட்டு. நேத்து வரைக்கும் எல்லாரும் நிமிந்துதானே உக்காந்தாங்க?"

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் உள்ளூரச் சந்தேகம்தான். மொட்டை மாடிக்கு ஓடி ஆண்டெனாவைத் திருப்பினார். "இப்ப?" என்று மேலிருந்து குரல் வந்தது. படம் நெளிந்தது, குலுங்கியது, கொஞ்சம் இழுபட்டு நின்றது.

"மாறிடுச்சு!" என்று கூடமே கத்தியது.

"சரியாயிடுச்சா?"

"இல்ல, இப்ப அடுத்த தோள் சாயுது!"

அதற்குமேல் நாற்பது பேரும் இரண்டு கட்சியானார்கள். பெட்டி கோணல் என்றது ஒன்று, கோட்டு கோணல் என்றது மற்றது. மனிதரே கோணலாக இருக்கலாம் என்று ஒரு கிழவர் சொன்னதை இரண்டு கட்சியும் சேர்ந்து அதட்டின. கடைசியில், வணக்கம் சொல்வதற்காகச் செய்திக்காரர் தாள்களை இறக்கினார். மாஸ்டர் முழந்தாளிட்டுத் திரைக்கு அருகே போனார். அந்த நொடி பார்த்துப் படம் கீழிருந்து மேலாக உருளத் தொடங்கியது. பையும் உருண்டது, தோளும் உருண்டது. மாடியிலிருந்து மட்டும் "இப்ப? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்று உலகத்தில் என்ன நடந்தது என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எங்கோ ஒரு பாலம் திறந்தார்கள் என்றாள் மாஸ்டரின் மனைவி. இல்லை, விழுந்தது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மறுநாள் காலை கடை திறந்ததுமே செய்திக்காரர் கோட்டும் கையுமாக வந்துவிட்டார்.

"எப்படி இருந்துச்சு மாஸ்டர்? ஊரே பாத்துச்சு. நான் ஒருத்தன்தான் பாக்கல."

"டீவிக்காரங்க என்ன சொன்னாங்க சார்?"

"ஏதோ கோணலா இருக்குன்னாங்க. என்னன்னு கேட்டா அவங்களுக்கே சொல்லத் தெரியல. இன்னிக்கும் அப்படியே இருந்தா நாளைக்கு வேற ஆளாம்."

மாஸ்டர் அவருக்குக் கோட்டைப் போட்டுக் கண்ணாடிமுன் நிறுத்தினார். இரண்டு தோளும் கோடு கிழித்த மாதிரி நேராக இருந்தன.

"நேராத்தானே இருக்கு?"

"அதாங்க எனக்கும் புரியல."

ஒரு கையில் பஞ்சு, மறு கையில் பிரிப்பதற்கான கத்தரி. வைப்பதா, எடுப்பதா? கத்தரியின் முனையைத் தையல்வரை கொண்டுபோவார், திரும்பிவிடுவார். "உக்காருங்க சார், கொஞ்சம் யோசிக்கணும்" என்று அவரை முக்காலியில் உட்காரவைத்துவிட்டு, வழக்கம்போல ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டார்.

செய்திக்காரரால் சும்மா உட்கார முடியவில்லை. வெட்டுமேசைமேல் கிடந்த பழைய செய்தித்தாளை எடுத்தார். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம், வாய்க்குள் படிக்க வராது. "நேற்று மாலை கடைவீதியில் கறுப்பு நிற மிதிவண்டி ஒன்று காணாமற்போனது" என்று நாட்டுக்கே அறிவிக்கிற குரலில் தொடங்கினார்.

தொடங்கியதுமே ஒரு தோள் மெல்ல இறங்கியது.

மாஸ்டர் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். "நிறுத்துங்க."

நிறுத்தினார். தோள் தானாக மேலே வந்தது.

"படிங்க."

"எதை?"

"அந்த சைக்கிளத்தான்."

"மிதிவண்டியைக் கண்டெடுத்தவர்கள்..." தோள் இறங்கியது. "நிறுத்துங்க." ஏறியது. தராசுத் தட்டுக்கூட இவ்வளவு சொன்னபடி கேட்காது.

"உங்க மைக்கு ரேடியோல எந்தப் பக்கம் இருந்துச்சு சார்?"

செய்திக்காரர் காற்றில் கைநீட்டி, இல்லாத ஒலிவாங்கியை ஒரு பக்கத்தில் தொட்டுக் காட்டினார். பன்னிரண்டு ஆண்டும் சாய்ந்து சாய்ந்து வாசித்த பக்கம்; இறங்குகிற தோளின் பக்கமேதான். காட்டியவருக்கே அப்போதுதான் விளங்கியது. அவர் கை அங்கேயே நின்றுவிட்டது.

இருபத்தாறு ஆண்டுகளில் மாஸ்டர் எவரையும் உட்காரவைத்து அளவெடுத்ததில்லை, பேசவைத்தும் அளவெடுத்ததில்லை. "ம்" என்று மட்டும் கேட்கிறவருக்கு யார் என்ன பதில் பேசுவார்கள்?

"கோட்டுல கை வைக்க மாட்டேன்" என்றார். மேசைக்கடியில் கையை விட்டு வெட்டித் தள்ளிய துண்டுகளை அள்ளினார். மடித்து, நடுவே பஞ்சை அடைத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திண்டு தைத்தார். பத்து நிமிஷம். அதைத் தோள் இறங்குகிற பக்கத்துத் தொடைக்கு அடியில் செருகிவிட்டு, "ம்" என்றார்.

"கண்டெடுத்தவர்கள் கடைவீதிக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

தோள் அசையவில்லை. அவர் அந்தப் பக்கத்து விளம்பரங்கள் அத்தனையையும் வாசித்தார். பற்பொடி, வீடு வாடகைக்கு, கணக்கெழுத ஆள் தேவை. எதற்கும் அசையவில்லை.

"அங்க போய் விளக்கெல்லாம் போட்டு உக்கார வச்சதும் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது மாஸ்டர். எந்தப் பக்கம்னு மறந்துட்டா? இடதா, வலதா, ஒரு வார்த்தையில சொல்லிடுங்க."

மாஸ்டர் வாயைத் திறந்தார். கண்ணாடியைப் பார்த்தார், எதிரே இருந்த ஆளைப் பார்த்தார், தம் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"இடது வலதுன்னு பேச்சே வேணாம் சார். பேண்டோட சேத்துத் தச்சே குடுத்துடறேன். மேசைக்குக் கீழ எவன் பாக்கப் போறான்? எழுந்திருங்க. அப்படியே நில்லுங்க, திரும்பாதீங்க."

செய்திக்காரர் எழுந்து அசையாமல் நின்றார். மாஸ்டர் குனிந்து, அன்று மாலை ஊரே பார்க்கப்போகிற மனிதரின் பின்புறத்தில், ஒரு பக்கத்தில் மட்டும், வெள்ளைச் சாக்கட்டியால் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.