பெத்தாங்க் ஆடிய திடல்

உப்பளம் பகுதியில் எங்கள் தெருமுனையில் ஒரு மண் திடல் இருந்தது. சாயங்காலமானால் பத்துப் பேராவது அங்கே பெத்தாங்க் ஆடுவோம். சின்ன மரக்குண்டை வீசிவிட்டு, அதை ஒட்டி யாருடைய இரும்புக்குண்டு நிற்கிறது என்று பார்க்கிற பிரெஞ்சு ஆட்டம். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர்தான் எங்களில் மூத்தவர். பிரெஞ்சில் சிப்பாய் என்று பொருள்படும் சொல்தா என்றே கூப்பிடுவோம். பஞ்சாலை மூடியபின் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர் என் ஜோடி. அவர் ஒரு கட்சி, நான் வேறு கட்சி. தேர்தலில் எதிரெதிரே கொடி பிடித்துவிட்டு, ஆட்டத்தில் ஒரே பக்கம் நிற்போம்.

ஒரு மழைக்காலம் வாய்க்கால் அடைத்து, சாக்கடை திடலுக்குள் வந்துவிட்டது.

"நின்னு பாத்துக்கினு இருந்தா ஆவாது. காலைல எல்லாரும் முனிசிபாலிட்டிக்கு போலாம்" என்றார் சொல்தா.

ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துத் தயங்கினார். "உன்கூட வந்தா எங்க ஆளுங்க கோச்சிப்பாங்களே."

"குண்டு ஆடறப்போ கோச்சிக்கலியே. வாய்யா" என்றேன்.

போனோம். அதிகாரி வரும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். இத்தனை பேரைக் கண்டதும் அவர் மறுபேச்சில்லாமல் ஆள் அனுப்பினார். அதன்பின் குடிநீர், ரேஷன் என்று எந்தக் குறையானாலும் தெருக்காரர்கள் திடலுக்குத்தான் வந்தார்கள். அடுத்த தேர்தலில் இரண்டு வேட்பாளர்களும் அங்கேயே வந்து நின்றார்கள். நாங்கள் கட்சி பார்க்காமல் கேள்வி கேட்டோம். எதிர்க்கட்சிக்காரர் பேச்சை நான் முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

சொல்தா காலமாகிவிட்டார். ஆட்டோக்காரர் மகள் வீட்டோடு மேட்டுப்பாளையம் பக்கம் போய்விட்டார். திடல் இருந்த இடத்தில் அடுக்குமாடி. அதில் மூன்றாம் மாடியில் நான் இருக்கிறேன். மாலை நேரத்தில் பால்கனியில் நின்றால் குண்டும் குண்டும் மோதும் சத்தத்துக்குக் காது ஏங்குகிறது.

போன மாதம் தெருவிளக்கு எரியவில்லை. சேர்ந்து போய் மனு கொடுக்கலாம் என்று எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். நிறையக் கட்டைவிரல்கள் வந்தன. ஆள் யாரும் வரவில்லை. தனியாகக் கிளம்பி இறங்கும்போது, கீழ்வீட்டு அம்மா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். தலையசைப்பதோடு சரி, பேசிப் பழக்கமில்லை.

"லைட்டு விஷயமா போறேம்மா. நீங்களும் வரீங்களா?"

"நாம சொன்னா கேப்பாங்களா சார்?"

"முன்னல்லாம் கேட்டிருக்காங்க."

கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தார். மனு கொடுத்துவிட்டுத் திரும்புகையில் திடலைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைச்சாவடியில் தன் அப்பாவும் இப்படித்தான் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போவார் என்றார். பேசிக்கொண்டே வந்ததில் வீடு வந்தது தெரியவில்லை. விளக்கு அந்த வாரமே எரிந்தது.