பெண்கள் பக்கத்துத் தாழ்ப்பாள்

ஜெகபர் சாதிக்கைப் போலப் பயந்த ஆளை நான் திருச்சியில் பார்த்ததில்லை. மலைக்கோட்டைக்குக் கீழே பிச்சமுத்து முதலாளி நடத்திய சினிமாக் கொட்டகையில் அவர் ஆபரேட்டர். நான் பெண்கள் பக்கத்துக் கதவுக்குக் காவல். என் பெயர் வேலம்மாள். எனக்கு வாய் நீளம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவர் பயந்தது பேய்க்கல்ல, பிலிமுக்கு. அந்தக் காலத்துப் பிலிமில் ஒரு பொறி பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். ஏதோ ஓர் ஊரில் டென்ட் கொட்டகை எரிந்து சாம்பலானதைக் கண்ணால் கண்டுவிட்டு வந்தவர். மிஷின் ரூமில் எந்நேரமும் இரண்டு வாளி தண்ணீரும் ஈரச் சாக்கும் வைத்திருப்பார். பீடி நாற்றத்தோடு யாரையும் படியேற விடமாட்டார்.

அதைவிட அவரைப் பயமுறுத்தியது என் கதவு. பெண்கள் பக்கத்துக்கு அது ஒன்றுதான் வழி. ஆண்கள் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் மரத்தடுப்பு. படம் தொடங்கியதும் நான் கதவை வெளியிலிருந்து தாழ் போட்டுவிடுவேன். ஆண்பிள்ளை எவனும் நுழைய முடியாது என்ற நம்பிக்கையில்தான் குடும்பப் பெண்களைப் படத்துக்கே அனுப்பினார்கள்.

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன் அக்கா. நெருப்பு பிடிச்சா உள்ள இருக்கறவங்க எப்படி வெளிய வருவாங்க?" என்று வாரம் ஒரு தடவையாவது கேட்பார்.

"நான்தான் கதவுகிட்டயே இருக்கேனே பாய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

கதவுகிட்டயே இருக்கிறேன் என்றது பச்சைப் பொய். தாழ் போட்டதும் முக்குக் கடைக்கு வெற்றிலை வாங்கப் போய்விடுவேன். போனால் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் வருவேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் ஐப்பசியில் ஒரு பேய்ப் படம் வந்தது. மற்றப் படங்களில் பேய் வந்தால் தலைவிரி கோலமாய் ஓடிவந்து ஆடும். இதில் பேயே வராது. ஒரு பெரிய வீடு, ஒரு கைவிளக்கு, ஒரு மூடின கதவு. அந்தக் கதவையே காட்டிக்கொண்டிருப்பார்கள். அடுத்த முறை காட்டும்போது அது ஒரு விரல் அளவு திறந்திருக்கும். அதற்கடுத்த முறை இரண்டு விரல். விளக்குப் பிடித்த பெண்ணின் முகத்தில் பாதிதான் தெரியும், மீதி இருட்டு.

"இருட்டை வச்சே படம் எடுத்திருக்காங்க அக்கா" என்று சாதிக் சொக்கிப்போனார். அந்தச் சொக்கலில்தான் வீட்டில் படத்தைப் பற்றி வாயை விட்டுவிட்டார். அவர் மனைவி ஜஹானாரா அதுவரை ஒரு படமும் பார்த்ததில்லை. இந்தக் கதவுக்குப் பயந்து சாதிக்தான் ஏழு வருஷமாய்ச் சாக்குச் சொல்லி வந்தார்.

"ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் படம் காட்டுறீங்க, எனக்கு மட்டும் காட்ட மாட்டீங்களா?" என்று அந்தப் பெண் அழுததும் மனுஷனால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை மாலை ஆட்டத்துக்கு அழைத்துவந்து, என் கையில் ஒப்படைத்தார். "அக்கா, இன்னிக்கு மட்டும் எங்கயும் போயிராதீங்க" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. நான் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தரை டிக்கெட்டுக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். "ஆபரேட்டரு, விளக்குல எண்ணெய் தீந்துருச்சா?" படமே இருட்டு என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிச்சமுத்து முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிஷின் ரூமுக்கு ஏறினார்.

"வெளிச்சத்தை ஏத்துங்க பாய். ஜனம் பெஞ்சை உடைச்சிரும்."

"படத்தையே இப்படித்தான் எடுத்திருக்காங்க முதலாளி. ஏத்துனா பிலிம் சூடு தாங்காது."

"ஏத்துங்கன்னா ஏத்துங்க."

ஏற்றினார். நான் அப்போது முக்குக் கடையில் இருந்தேன். மற்றதெல்லாம் பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். ஓரத்து ஓட்டை கிழிந்த ஓர் இடத்தில் பிலிம் மிஷினில் ஒரு நொடி சிக்கி நின்றது. திரையில் அந்தப் பெண்ணின் கன்னத்தில் பழுப்பாய் ஒரு பொட்டு. அது கொப்புளித்துப் பரவி முகம் முழுவதையும் தின்றது. கொட்டகையே அலறியது. சாதிக் வெளிச்சத்தை அடைத்து, எரிகிற பிலிமை வெறுங்கையால் இரண்டு பக்கமும் பிய்த்து வாளியில் அமுக்கினார். பிறகு படியில் உருண்டு விழாத குறையாக ஓடிவந்தார்.

அலறல் கடைவரைக்கும் கேட்டது. பேய்க்குக் கத்துகிறார்கள் என்று நான் நிதானமாய்ச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது கதவு அகலத் திறந்து கிடந்தது. எவன் திறந்தான் என்று வாயைத் திறக்கப் போனவள், இரும்புத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். வெந்த உள்ளங்கைத் தோல் கொஞ்சம் அதில் ஒட்டியிருந்தது. உள்ளே படம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்டம் விட்டதும் ஜஹானாரா முகமெல்லாம் சிரிப்பாய் வந்தாள். "முகம் எரியிற இடந்தான் அக்கா, உசிரே போயிருச்சு. இன்னொரு தடவை பாக்கணும்" என்றாள். கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு நின்ற சாதிக், மிஷின் விளக்கில் எரிகிற கார்பன் குச்சி சுட்டுவிட்டது என்று அவளிடம் சொன்னார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வசவு வைதிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கு. முகம் எரிகிற காட்சி வரவில்லை என்று ஒரே ரகளை. "ஒரு துண்டு வேஸ்ட் பிலிமை வச்சு அதே மாதிரி எரிச்சுக் காட்டுங்களேன் பாய்" என்றார் முதலாளி. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது அந்த ஆளுக்குத்தான் பொருந்தும். சாதிக் கட்டுப் போட்ட கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நான் தச்சரிடம் திருப்புளி வாங்கிவந்து தாழ்ப்பாளைக் கழற்றினேன். ஆண்பிள்ளை நுழைந்தால் என்ன செய்வாய் என்று முதலாளி குதித்தார். "என்னைத் தாண்டி நுழையட்டும், பாக்கலாம்" என்றேன்.

அன்றிலிருந்து கதவைத் திறந்து வைத்து, வெளிச்சம் உள்ளே போகாமலிருக்க ஒரு துணியை மட்டும் தொங்கவிட்டு, வாசலுக்குக் குறுக்கே உட்கார்ந்தேன். படத்தில் கதவு ஒரு விரல் திறக்கும், உள்ளே பெண்கள் அலறுவார்கள். அலறல் கேட்கும்போதெல்லாம் துணியை விலக்கித் திரையைப் பார்ப்பேன். அதன் பிறகு கொட்டகையில் இருந்த பதினோரு வருஷமும் வெற்றிலைக்கு நான் எழுந்து போகவில்லை.