அறுபத்திரண்டாவது ஹேர்பின்

ஷுப்ராப் பேட்டையில், எங்கள் தெருமுனையில் பொத்தான், ஜிப், நூல்கண்டு, ஹேர்பின் விற்கும் கடையில் நிற்கிறாளே ஜோர்ஜெட், அவளிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஒரு பொத்தானுக்குப் பேரம் பேசினால், "சட்டையைத் திறந்து போட்டுக்கிட்டே திரிங்க, காத்தோட்டமா இருக்கும்" என்பாள். அப்படிப்பட்டவள் நான்கு வருடம் கறுப்பு உடுத்தி, முடியை ஒரு ரப்பர் பேண்டில் முடிந்துகொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி வாழ்ந்தாள். கணவன் நஷாத் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனதிலிருந்து அப்படி. அதற்கு முன் நான்கு வருடம், வாரத்துக்கு மூன்று நாள், அவனை டயாலிஸிஸுக்குக் கூட்டிப்போய் வந்தவள் இவள்தான்.

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு மறுபடி கல்யாணம் என்றதும் தெருவே வாயைப் பிளந்தது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக் ஸக்கரி. ஐம்பத்தொரு வயது, வழுக்கை, இதுவரை கல்யாணமே ஆகாதவன். அவள் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனபோது உள்ளே மாட்டிக்கொண்டவள் ஜோர்ஜெட். வெளியே திருகுகளைக் கழற்றியபடி அவன் நாற்பது நிமிடம் அவளுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தான். கதவு திறந்தபோது, "அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாளாம். இதை அவளே கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

நாள் குறிக்கக் கோயிலுக்குப் போனார்கள். எங்கள் பாதிரியார் அபூனா நல்ல மனிதர், ஏழை வீட்டுச் சாவுக்கு வெறுங்காலோடு ஓடி வருகிறவர். ஆனால் புத்தகத்தில் உள்ளதை ஓர் எழுத்து மாற்ற மாட்டார். எங்கள் சபையில் கல்யாணம் என்றாலே கிரீடம்தான். மாப்பிள்ளை தலையிலும் பெண் தலையிலும் கிரீடம் வைத்தால்தான் கல்யாணம் நடந்த மாதிரி. அந்தப் பழைய புத்தகத்தில், கைம்பெண் மறுமணம் செய்தால் அவளுக்குக் கிரீடம் கிடையாது.

"ஸக்கரிக்கு இது முதல் தடவை, அவனுக்கு வைப்பேன்" என்றார் அபூனா. "உனக்கு மன்னிப்பு ஜெபம் மட்டும்தான், மகளே. ஊர்வலமும் வேண்டாம். பக்கத்துப் பீடத்துல கால் மணி நேரத்துல முடிச்சிடலாம்."

"மன்னிப்பா? எதுக்கு அபூனா?" என்றாள் ஜோர்ஜெட். "புருஷன் செத்தது என் குத்தமா?"

"புத்தகத்துல அப்படி இருக்கும்மா."

வெளியே வந்ததும் ஸக்கரிதான் குதித்தான். "மேடம், எனக்கும் கிரீடம் வேண்டாம்னு சொல்லிடறேன்!" நிச்சயம் ஆன பிறகும் அவன் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவான்.

"சும்மா இருங்க. ஐம்பத்தொரு வருஷம் காத்திருந்தீங்க, வர்றதை ஏன் விடணும்? நீங்க போட்டுக்குங்க. என் தலையை நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளே கொதித்தது. ஷுப்ராவே கோயிலில் கூடியிருக்கும், அவன் தலையில் பொன் மின்னும், இவள் பக்கத்தில் வெறுந்தலையோடு நிற்பாள். ஐயோ பாவம் என்று நான்கு கிழவிகள் உச்சுக்கொட்டுவார்கள். அந்த உச்சுக்கொட்டலைத்தான் அவளால் தாங்க முடியாது. இந்தத் தலையைப் பார்த்து ஒருத்திகூட ஐயோ பாவம் என்று சொல்லக் கூடாது. அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

மேல்மாடியில் நஷாத்தின் அக்கா அவாதிஃப் இருந்தாள். விஷயம் காதில் விழுந்ததும் சாம்பல் நிற ஸ்கார்ஃப் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அபூனா சொன்னதைக் கேட்டேன். ரொம்பச் சரி. இதைத் தலையில போட்டுக்கோ. அடக்கமா போய், அடக்கமா வந்துடு. நீ ஒண்ணும் கல்யாணப் பொண்ணு இல்லை."

"பின்ன யாரு அண்ணி? சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவளா?"

"என் தம்பி பொண்டாட்டி நீ!" என்று கத்தினாள் அவாதிஃப். ஸ்கார்ஃபை நாற்காலியில் வீசிவிட்டுப் போனாள்.

மறுநாள் தெருக்கோடி பியூட்டி பார்லரில் கேட்டால், கல்யாண நாளான ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆள் நிறைந்துவிட்டதாம். பார்லர்க்காரி அவாதிஃபுக்கு ஒன்றுவிட்ட தங்கை. "நிறையட்டும்மா, நல்லா நிறையட்டும். உனக்கு ஹேர்பின் விக்கிறவளே நான்தான்" என்று சொல்லிவிட்டு ஜோர்ஜெட் நடையைக் கட்டினாள்.

அப்போதுதான் வீட்டிலேயே செய்துகொள்வது என்று ஆயிற்று. எதிர்வீட்டு ஃபிர்யாலிடம் கர்லிங் மெஷின் இருந்தது. மகள் கல்யாணத்துக்கு வாங்கியது. ஃபிர்யால் வெளியே போனால் தலையை மூடித்தான் போவாள், ஆனால் வீட்டுக்குள் அவள் முடியைப் பார்க்க வேண்டும். "நான் மூடறது என் இஷ்டம்டி. உன்னை மூடச் சொல்ல அவ யாரு?" என்று ஒரே வரியில் வழக்கைத் தீர்த்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். ஜோர்ஜெட் நன்றாகத் தலைக்குக் குளித்து, கண்டிஷனர் போட்டு, பட்டு மாதிரி முடியோடு உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் சுருட்டியதெல்லாம் பத்து நிமிடத்தில் வழுக்கிக்கொண்டு தோளில் விழுந்தது. நனைந்த கோழி மாதிரி ஆகிவிட்டது தலை. ஃபிர்யால் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சாய்ந்துவிட்டாள்.

"குளிச்ச அன்னிக்கே எவளாவது கொண்டை போடுவாளாடி? சுத்தமான முடியில ஊசி நிக்காது. ரெண்டு நாள் அழுக்கு வேணும்."

"ஊசி விக்கிறவளுக்கே பாடமா?"

"வித்தா போதுமா? குத்தத் தெரியணுமே."

ஃபிர்யாலுக்கு விரல் மூட்டெல்லாம் வாதம். ஓர் ஊசியைக் கூடத் திறக்க முடியாது. வாயும் கண்ணாடி பிடிக்கும் கையும்தான் அவள் கொடுத்த உதவி. ஆக, தன் தலையைத் தானே கட்ட வேண்டும் ஜோர்ஜெட்.

மாதா நோன்பு முடிந்த அடுத்த ஞாயிறு. ஆகஸ்ட் வெயில் ஜன்னல் வழியாகக் கொளுத்துகிறது, முடி பறக்கும் என்று ஃபேனையும் நிறுத்தியாயிற்று. வெள்ளிக்கிழமை குளித்த முடி இப்போது சரியான பதத்தில் இருந்தது. மருதாணிச் சிவப்பு, நெற்றிப் பொட்டில் நரை. நரையை மறைக்கிறேன் என்ற ஃபிர்யாலை, "அது சம்பாதிச்சது, இருக்கட்டும்" என்று தடுத்துவிட்டாள்.

முதலில் பின்தலை முடியில் பாதியைப் பின்னலாகப் பின்னி, வட்டமாகச் சுற்றி, மண்டையோடு ஒட்டித் தைத்தாற்போல் நூல் ஊசியால் கட்டினாள். அதுதான் அஸ்திவாரம், மேலே வருகிற சுருளெல்லாம் அதில்தான் பிடித்து நிற்கும். உச்சியில் வேரை நோக்கி எதிர்ப்பக்கமாகச் சீவி ஒரு மேடு எழுப்பினாள். மீதி முடியை விரல் கனத்துக்குப் பிரித்து, மெஷினில் சுற்றி, பன்னிரண்டு எண்ணி, சுருளைத் தொங்கவிடாமல் அப்படியே இரண்டு விரலில் உருட்டிக் கிளிப்பில் மாட்டினாள். முப்பத்தொரு சுருள். காது சுட்டது, கழுத்து சுட்டது, ஒரு முறை மாதாவின் பெயரைச் சொல்லக் கூடாத தொனியில் சொன்னாள்.

அதன் பிறகுதான் கஷ்டம். சூடு முழுக்க ஆறும்வரை தொடக் கூடாது. ஃபிர்யால் முலுகியாக் கீரைக்குழம்பு பிசைந்த சோற்றை உருட்டி அவள் வாயில் ஊட்டினாள். முக்கால் மணி நேரம் இருவரும் அவாதிஃபின் காலடி மேலே அங்குமிங்கும் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உக்காரவே முடியலை போல" என்றாள் ஃபிர்யால்.

"தம்பியை நினைச்சுட்டிருப்பாங்க" என்றாள் ஜோர்ஜெட். "நானும்தான்."

பிறகு ஒவ்வொரு சுருளாக அவிழ்த்து, லேசாக இழுத்துத் தளர்த்தி, பின்னலின் மேல் உட்காரவைத்து, ஹேர்பின்னின் நெளிநெளியான பக்கம் மண்டையைப் பார்க்கும்படி இரண்டிரண்டாகக் குறுக்கே குத்தினாள். சுருளுக்கு இரண்டு, மொத்தம் அறுபத்திரண்டு. எண்ணித்தான் எடுத்து வைத்திருந்தாள். கடைசிச் சுருள் பிடரியில், எட்டாத இடத்தில். விரல் வழுக்கி ஓர் ஊசி தெறித்து, இரும்பு அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டு பேரும் தள்ளினாலும் நகராத அலமாரி.

ஹேர்பின் கடைக்காரி வீட்டில் ஹேர்பின்னுக்குப் பஞ்சமா என்று கேட்பீர்கள். பஞ்சம்தான்! ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, சாவி முதலாளியிடம். பிடரிச் சுருளை ஒற்றை ஊசியோடு விட்டுவிட்டு, புகையாய் ஸ்ப்ரே அடித்து எழுந்து நின்றாள். முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் பார்த்தாள். உச்சியிலிருந்து காதுவரை அடுக்கடுக்காகச் சுருள், நடுவில் நரைக்கோடு வெள்ளிக்கம்பி போல் ஓடியது. அடுத்த நொடி ஃபிர்யால் போட்ட குலவை நான்கு மாடிக்கும் கேட்டது.

கோயில் வாசலில் நல்ல கூட்டம். ஸக்கரி இறுக்கமான கோட்டில் வியர்த்து நின்றான். அவளைப் பார்த்ததும், "மேடம்..." என்றவன் கோட்டுப் பொத்தானைப் போட்டு நிமிர்ந்து நின்றான். பக்கத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஜோர்ஜெட் பெரிய வாசலைப் பார்த்து நடந்தாள்.

"மகளே, இந்தப் பக்கம்" என்றார் அபூனா.

"கிரீடம் உங்க சட்டம் அபூனா, நான் கேக்கலை. நடக்கிறது என் காலு."

படியேறும்போது அவாதிஃப் குறுக்கே வந்தாள். கையில் அதே சாம்பல் ஸ்கார்ஃப், விரித்த நிலையில். அதைத் தலைமேல் போடக் கையைத் தூக்கினாள். அந்தச் சாம்பல் துணி மட்டும் விழுந்திருந்தால் காலையிலிருந்து கட்டியதெல்லாம் நசுங்கியிருக்கும். ஜோர்ஜெட் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை எடுங்க அண்ணி. இருபத்திமூணு வருஷம் முன்னாடி இதே படியேறித்தான் வந்தேன். உங்க தம்பி பக்கத்துல நிக்க வெச்சு எனக்குக் கிரீடம் வெச்சாங்க. நீங்கதான் குலவை போட்டீங்க. அதை நான் கழட்டினேனா? அவர் ரத்தத்தை மெஷின்ல சுத்தம் பண்ணின நாலு வருஷம் கழட்டினேனா? குழியில இறக்கினப்போ கழட்டினேனா? அது இன்னும் என் தலையிலதான் இருக்கு. எனக்கு ரெண்டாவது கிரீடம் இல்லைன்னு புத்தகம் சொல்லுது, சரி. முதல் கிரீடம் அப்படியே இருக்கிறவளுக்கு ரெண்டாவது எதுக்கு? இப்ப சொல்லுங்க, உங்க தம்பிக்காக வெச்சதையா மூடணும்?"

அவாதிஃப் மணிக்கட்டை உருவிக்கொண்டு வழிவிட்டாள். எந்தக் கிழவியும் உச்சுக்கொட்டவில்லை. அபூனா தாடியைத் தடவினார், பிறகு அவரே பெரிய வாசல் வழியாக முன்னால் நடந்தார்.

உள்ளே ஜெபம் நடந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை வந்த இடத்தில் ஜோர்ஜெட் பீடத்தின் மேலிருந்த மாதா படத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸக்கரியின் வழுக்கையில் வைத்த கிரீடம் வழுக்கிக் காதில் வந்து நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அவளும் சிரித்துவிட்டாள். ஆசீர்வாதத்துக்காக இருவரும் தலை குனிந்தபோதுதான் பிடரியில் ஏதோ நழுவியது. ஒற்றை ஊசிச் சுருள். அது விழுந்தால் அதன் மேலிருப்பதும் விழும், பிறகு அதற்கு மேலிருப்பது. அவள் அசையவில்லை. கையைத் தூக்கித் தடுத்தால் ஊரே பார்க்கும்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. முதல் வரிசையிலிருந்து அவாதிஃப் எழுந்து வந்து, தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியைப் பிடுங்கி, நழுவிய சுருளைத் தூக்கிச் சேர்த்து மண்டையில் பதியக் குத்தினாள். கோபம் முழுவதும் அந்தக் குத்தில் இருந்தது.

"வலிக்குதா?" என்று அவள் காதருகே கேட்டாள்.

ஜோர்ஜெட் குனிந்தபடியே சொன்னாள்: "வலிக்கட்டும் அண்ணி. நிக்குதா, அதைச் சொல்லுங்க."

"நிக்குது" என்றாள் அவாதிஃப்.