பெயர் தெரியாதவர்களின் அட்டைகள்

கடல் ஊருக்குள் வந்த மார்கழியில் எனக்கு ஒன்பது வயது. சிதம்பரத்திலிருந்து மாமாவும் அத்தையும் லீவுக்குக் கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, நான் தூங்கி எழும் முன்பே மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போன அத்தை திரும்பவில்லை.

அம்மாவின் அண்ணனான மாமாவுக்கு ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. எங்கள் பக்கத்து அச்சகங்களில் அச்சான கும்மிப்பாட்டு, கல்யாண வாழ்த்து, கோயில் நோட்டீசு என்று யாரும் சீந்தாத காகிதத்துக்கெல்லாம் முதன்முதலாக அட்டவணை போட்டவர் அவர்தான். முகப்பு கிழிந்து, எழுதியவர் பேர் தெரியாத புத்தகம் கிடைத்தால் கொண்டாட்டம். அளவு, தையல், காகிதம் என்று அட்டையில் குறித்து, அது இன்னதென்று எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டு நாள் அப்பாவோடு கரை முழுக்க அலைந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிட்டார். பிணங்களோடு வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. முகங்கள் அடையாளம் தெரியும் நிலையில் இல்லை. ஜனம் ஒவ்வொரு துணியாக விலக்கிப் பார்த்து அலறியது. மாமா ஓர் அட்டைக்கட்டு வாங்கினார். வீட்டில் ஆளில்லாததால் என்னையும் கூட்டிப்போயிருந்தார். அவர் உள்ளே பார்த்துவிட்டு வந்து சொல்ல, வராந்தாவில் உட்கார்ந்து நான் எழுதினேன். புடவை நிறம், பச்சை குத்தியது, தழும்பு, கிடைத்த இடம்.

அம்மா வந்து கத்தினார். "அண்ணிய தேடாம இங்க உக்காந்து எழுதிக்கினு இருக்கியேண்ணே!"

"இதாம்மா தேடறது."

அன்றே ஒரு மீனவர், கையில் தாமரை பச்சை குத்தியிருந்த மனைவியைத் தேடி வந்தார். மாமா ஓர் அட்டையை உருவினார்.

"எல்லாரையும் பாக்க வேணாமா சார்?"

"வேணாம். இவுங்கள மட்டும் பாருங்க."

போய் வந்தவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அட்டையை எழுதியது நான் என்பதில் எனக்குப் பெருமை.

நான்காம் நாள் சாயங்காலம் உள்ளே போன மாமா வெளியே வர நேரமாயிற்று. வந்தவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"பொம்பள. நாப்பது வயசு. மாந்தளிர் கலர் புடவை. வயித்துல ஆபரேஷன் தழும்பு."

"பேரு தெரியலன்னு போடவா மாமா?"

"தெரியும்."

பேனாவை வாங்கி அவரே எழுதினார். அட்டையை மற்ற அட்டைகளோடு சேர்த்துவிட்டு அடுத்தவரைப் பார்க்க உள்ளே போனார். எடுத்துப் படித்தேன். அத்தையை அத்தை என்று மட்டுமே அறிந்திருந்த எனக்கு அது யாரோ ஒருத்தியின் பேர். என் கையெழுத்து சரியில்லை என்றுதான் பேனாவை வாங்கிக்கொண்டார் என்று நினைத்து, இருட்டும்வரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.