வெள்ளை மாடியில் ஒரு பாதம்

வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை எங்கள் மொட்டைமாடியில் பூசுவதற்குப் பாறசாலையிலிருந்து ஒரு பெண் வந்தார். சேலைமேல் ஆண் சட்டை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, வாய் நிறையச் சிரிப்பு.

போன கோடையில் மாடியறையின் சூடு தாங்காமல் மகள் இரண்டே நாளில் கிளம்பிவிட்டாள். இந்த முறையாவது அவள் தங்க வேண்டுமே என்ற கவலையில், பூச்சு காய்ந்ததும் மாடி முழுவதும் சுற்றிப் பார்த்தேன். நடுவில் ஒரு பாதம் அளவு இடம் பூசாமல் கிடந்தது.

“இங்க விட்டுப்போச்சே, மக்கா!”

“விட்டுப்போனதில்ல சாரே, வேணும்னு விட்டதாக்கும். எல்லா வீட்டிலயும் விடுவேன். செருப்பக் கழத்திட்டு ஒரு கால அங்க வையுங்க.”

நல்ல உச்சிவெயில். வைத்த வேகத்தில் துள்ளி வெள்ளையில் நின்றேன். அங்கே கால் சுடவில்லை. அவர் கைதட்டிச் சிரித்தார்.

“நாளைக்குப் பழைய சூடு மறந்துபோவும். அப்பம் பூச்சால ஒரு பயனும் இல்லன்னு என்னையக் குறை சொல்லுவிய. அதுக்காக்கும் இது.”

மகள் வந்து இன்றோடு ஒன்பது நாள். தினமும் மத்தியானம் அந்த இடத்தை மிதித்து, அலறிக்கொண்டு குதிக்கிறாள். பின்னாலேயே நானும் குதிக்கிறேன். அந்தப் பெண் அதை விட்டுவைத்தது சூட்டை நினைவூட்டவா, எங்களைக் குதிக்க வைக்கவா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.