தொட்டிக்குக் கீழே மாதப்பன்

வால்வைத் திறந்ததும் மாதப்பன் வீட்டுக்குப் போய்விட மாட்டார். நீளமான இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெரு நடுவில் வந்து நின்று, "தண்ணி வருது, புடிச்சுக்கங்க!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். தலைச்சோலையில் இப்போது யாரும் அசைவதில்லை. "லோகேஷு அப்பவே வாட்ஸ்அப்புல போட்டுட்டானுங்க" என்கிறார்கள்.

கீழேயிருந்து தண்ணீரை ஏற்றி ஊர்த் தொட்டியை நிரப்புவது மாவட்டத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டம். தொட்டியிலிருந்து தெருக்களுக்கு விடுவது பஞ்சாயத்து. அங்கே மோட்டார் போடுகிறவன் லோகேஷ்; இங்கே வால்வு திறக்கிறவர் மாதப்பன். தொட்டி நிறைந்ததும் லோகேஷ் ஒரு மிஸ்டு கால் விடுவான். அதற்கப்புறம்தான் இவர் திறக்க வேண்டும்.

"வந்தா அது லோகேஷ் தண்ணியாமா. வரலீன்னா மட்டும் மாதப்பன் கொழாயாமா! நல்லாருக்குதுங்க நியாயம்!" ஒண்டிக்கடைக்குக் காய் வாங்கப் போனாலும் இதே புலம்பல்தான். பொறாமைதான், வேறென்ன? லோகேஷின் நீல யூனிபார்ம் சட்டையைக் கண்டால் வயிறு எரிகிறது. அவன் பைக் சத்தம் கேட்டால் இன்னும் எரிகிறது. மேட்டுத் தெரு சுகுணா அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுக்கிறாள். "சிக்கரி கலக்காத தூளுங்க அது! எனக்கு ஒரு நாள் குடுத்திருப்பாளா?"

போன வாரம் சுகுணா மகளுக்கு வளைகாப்பு. அன்றைக்காவது தன்னால்தான் தண்ணீர் வந்தது என்று ஊர் பேச வேண்டும். மாதப்பனுக்கு அப்படி ஒரு வீம்பு. மிஸ்டு காலுக்குக் காத்திராமல் விடிந்ததும் திறந்துவிட்டார். தொட்டியில் பாதிதான் இருந்தது. அவ்வளவும் பள்ளத் தெருவுக்கு இறங்கிப்போக, சுகுணா வீட்டுக் குழாயில் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

சமையல்காரர் அண்டாவைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். சேதி கேட்டு ஓடிவந்த லோகேஷ் தொட்டியைப் பார்த்தான், மாதப்பனைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எங்க மோட்டார்லதானுங்க்கா கோளாறு. மறுக்கா போட்டாச்சு, இப்ப வந்துருமுங்க" என்றான்.

"பாருங்க இந்தச் சாமிய! தப்புன்னா ஒடனே ஒத்துக்கறான். நொம்பப் பொறுப்பான பையன்!" சுகுணா உருகிப்போனாள். முதல் பந்தியிலேயே அவனுக்கு இலை போடச் சொன்னாள்.

அப்பாடா, தப்பித்தோம் என்று மாதப்பன் நழுவியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. தண்ணீர் வந்தாலும் அவனுக்குப் பேர், வராவிட்டாலும் அவனுக்கே பேரா?

"கோளாறுமில்ல, ஒண்ணுமில்ல!" பந்தலுக்கு நடுவே வந்து கத்தினார். "முன்னாடியே தெறந்து உட்டது நானுங்க! நாந்தான்!"

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஏனுங்ண்ணா, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதுங்களா?" என்று சுகுணா ஆரம்பித்தாள். மாதப்பன் காதை மூடியிருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் இரண்டடி முன்னால் போய் நின்றார்.